முதல் பெயர் தெரியாதவரின் மகள்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம்தான் நான் ஒரு முக்கியமான ஆள் என்பது எங்கள் வீட்டில் தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் இருந்த ஒரு கல்லூரி ஆலோசகர். பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்க்க எப்படி விண்ணப்பம் போடுவது என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவது அவருடைய தொழில். பலசரக்குக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் உடையில் பெருங்காய வாசனை ஏறிவிடும். அதே மாநிலத்தில் நாங்கள் இருக்கும் டப்ளின் என்ற ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர சனிக்கிழமையிலும் முக்கால் மணி நேரம் ஆகும். இருந்தாலும் எங்கள் தெருவில் அவரிடம் போகாத வீடு இல்லை.

அவர் என் மகளின் மதிப்பெண்களைப் பார்த்தார். நடனம், டிபேட், நூலகத்தில் சிறுபிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்று அவள் செய்தவை எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"எல்லாம் நல்லா இருக்கு. ஆனா எல்லாப் பசங்களுக்கும் இப்படித்தான் நல்லா இருக்கு. அதான் ப்ராப்ளம்," என்றார். பிறகு ஒரு சடங்குக்காகக் கேட்பதுபோல, "பேரண்ட்ஸ் எங்க படிச்சீங்க?" என்றார்.

என் கணவர் தன் கல்லூரியைச் சொன்னார். ஒஹாயோவில் ஓர் அரசுக் கல்லூரி. ஆலோசகர் எழுதிக்கொண்டார். நான் என்னுடையதைச் சொன்னேன். டெக்சாஸில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். எளிதில் இடம் கிடைக்காத இடம். பேனா நின்றுவிட்டது.

"மேடம், இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலைங்களே."

"உங்க பொண்ணு லெகசி மேடம்! லெகசி!"

அங்கே படித்தவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் சில தனியார் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் கருணையோடு பார்க்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். பரம்பரை பரம்பரையாக அங்கே படித்து, கட்டடங்களுக்குத் தாத்தா பெயர் வைத்திருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு உண்டான விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். என்னால் அந்த ஊரில் பெயர் வாங்கியது ஒரே ஒரு மைக்ரோவேவ்தான். அப்பளம் சுட்டு, தீயணைப்பு வண்டி வந்தது.

மறுநாள் காலை என் கணவர் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி இருபது வருடத்தில் எனக்குக் காய்ச்சல் இல்லாத நாளில் அவர் காபி போட்டது அதுதான் முதல் முறை. பிறகு கராஜுக்குப் போனார். நான் படித்த காலத்தில் வாங்கிய பல்கலைக்கழகத்து டிஷர்ட் அங்கே கார் துடைக்கும் துணியாக வாழ்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து இரண்டு முறை துவைத்து, இஸ்திரி போட்டு, தானே மாட்டிக்கொண்டார். வயிற்றுப் பக்கம் எழுத்துகள் அகன்றுபோயின. இரவுச் சாப்பாட்டின்போது, "உங்க காலேஜ்ல ட்ரெடிஷன்ஸ் எல்லாம் என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்டார். மரியாதைப் பன்மை வேறு.

யோசித்துப் பார்த்தேன். "ஏசி ரொம்ப ஜாஸ்தியா வெப்பாங்க," என்றேன்.

உண்மையில் எனக்கு அந்த இடத்தின் மேல் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. கார் இல்லாமல் இரண்டு வருடம் இருந்தேன். நடைபாதையே இல்லாத சாலையோரம் காய்கறிப் பையோடு நடந்து போகும்போது யாராவது வண்டியை நிறுத்தி, கார் பழுதாகிவிட்டதா என்று கேட்பார்கள். நடக்கிறேன் என்று சொன்னால் இன்னும் கவலைப்படுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஆய்வகம். பட்டம் வாங்கிய மறுநாளே கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏறிவிட்டேன்.

மகளுக்கு இந்த லெகசி விஷயம் அறவே பிடிக்கவில்லை. நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்றும் அப்படித்தான். "இட்ஸ் ஃப்யூடல், அம்மா," என்றாள். ஜமீன்தார் காலத்து வழக்கமாம். பத்தாம் வகுப்பில் ஒரு டிபேட் போட்டியில் இந்தச் சலுகையை ஒழிக்க வேண்டும் என்று பேசிக் கோப்பை வாங்கியவள் அவள்.

"அடுத்த வாரமே அந்தச் சலுகை இருக்கணும்னு பேசியும் ஒரு கப் வாங்கினியேம்மா?" என்று என் கணவர் கேட்டார்.

அது டிபேட்டின் விதி, எந்தப் பக்கம் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம் பேச வேண்டும், இரண்டு பக்கமும் பேசியதால்தான் எது தப்பு என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பெற்றோர் எங்கே படித்தார்கள் என்ற கேள்விக்கு உண்மையான பதிலைப் போடுவாள். கட்டுரையில் என்னைப் பற்றி ஒரு வரி வராது. அப்பா அந்த டிஷர்ட்டோடு அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது.

ஆலோசகர் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார். பழைய மாணவர்களுக்கான அலுவலகத்தைக் கூப்பிட்டு, என் விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு நிமிட வேலை என்றார்.

இங்கே என் பெயர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். நான் கரூர்ப் பக்கம். எனக்கு ஒரே ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பாவின் பெயரில் முதல் எழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பேருக்கு இருந்த பெயர் அது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். அமெரிக்க விசாவில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. அதனால் என் பெயரைத் தூக்கி அங்கே போட்டார்கள். இப்போது முதல் பெயரின் கட்டம் காலி. அதற்கும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. எஃப், என், யு என்று மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்.

டெக்சாஸில் முதல் வகுப்பில் பேராசிரியர் பட்டியலைப் பார்த்து, "ஃப்னூ?" என்று கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. யாரது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை கடைசிப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அது என் பெயராக இருந்தது. கை தூக்கினேன். அதிலிருந்து இரண்டு வருடம் நான் ஃப்னூ. ஆய்வகத்தில் ஃப்னூ, நூலகத்தில் ஃப்னூ, பிறந்தநாள் கேக்கில் ஃப்னூ. ஆரம்பத்தில் எல்லோரிடமும் விளக்கிச் சொன்னேன். பிறகு அலுத்துவிட்டது. அழகான பெயர், என்ன அர்த்தம் என்று கேட்ட ஒரு பெண்ணிடம் விடியல் என்று சொல்லிவிட்டேன்.

குடியுரிமை வாங்கும்போது அப்பாவின் பெயரை முழுதாக என் கடைசிப் பெயராக ஆக்கிக்கொண்டேன். என் கணவருக்கு அவர் அப்பாவின் பெயர் கடைசிப் பெயர். மகளுக்கு என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். எங்கள் தபால்காரர் ரொம்ப நாள் எங்களை வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று பேர் என்றே நினைத்திருந்தார்.

ஆகவே இரண்டு நிமிடத்தில் முடியாது என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் காலை இடைவேளையின்போது காரில் போய் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸைக் கூப்பிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். தேன் தடவிய குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னை ஹனி என்றார். இப்போதைய பெயரைச் சொன்னேன், கிடைக்கவில்லை. பழைய பெயரைச் சொன்னேன், தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"ஓ ஹனி," என்றார். குரல் தணிந்திருந்தது. "நீங்கள் அவருடைய மகளா?"

"இல்லை, அவரேதான்."

"இங்கே அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது என்று இருக்கிறது."

"எனக்குத் தெரியாதே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா பழக்கத்தில், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். நானும் நன்றி என்றேன்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அவர்கள் புது மென்பொருளுக்கு மாறினார்களாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இரட்டைப் பதிவு என்று முடிவு செய்து அது ஒன்றாகச் சேர்த்துவிடுமாம். என்னைப் போலவே ஒரே பெயர் உள்ள, அதே பெயர் உள்ள, அதே மாதிரி ஃப்னூ ஆக்கப்பட்ட இன்னொரு பெண் எனக்குச் சில வருடம் கழித்து அங்கே படித்திருக்கிறாள். எங்கள் இருவரையும் சேர்த்து ஒருத்தி ஆக்கிவிட்டார்கள். அவள் இறந்ததும் நானும் இறந்தேன்.

அந்த அம்மா ஓர் இணைப்பு அனுப்பினார். பழைய மாணவர் பத்திரிகையின் அஞ்சலிப் பகுதி. அலுவலகக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து படித்தேன். ஃப்னூ, அப்புறம் என் பெயர். மின்பொறியியலிலும் உயிர்வேதியியலிலும் பட்டங்கள் பெற்றவர். டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் வசித்தார். ஆய்வகத் தோழர்களுக்கு அடிக்கடி கேக் செய்துகொண்டு வருவார். எந்தக் கூட்டத்திலும் முதலில் சிரிப்பவர் அவர்தான். கணவர் இருக்கிறார்.

மின்பொறியியல் மட்டும்தான் என்னுடையது. மற்றதெல்லாம் அவளுடையது. அந்தப் பத்திரிகை வருடாவருடம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததும், எப்போதோ நின்றுபோனதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நின்றதை நான் கவனிக்கவே இல்லை. வந்தபோதும் ஒருநாளும் பிரித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் ஆலோசகரிடம் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவர் ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுதாபம் என்று நினைத்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "இதை இப்பவே கரெக்ட் பண்ணணுமா?"

"புரியலைங்க."

"ஏப்ரல் வரைக்கும் அப்படியே விட்டுட்டா என்ன? லெகசிங்கிறது ஒண்ணு. இறந்துபோன அலம்னியோட பொண்ணுங்கிறது வேற லெவல். நாம பொய் சொல்ல வேணாம். அப்ளிகேஷன்ல கேக்கற இடத்துல அம்மா இருக்காங்கன்னு போட்டுடலாம். அவங்க ரெக்கார்டு என்ன சொல்லுதோ அது அவங்க பாடு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் உடனே கோபப்பட்டிருக்க வேண்டும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் கண்கள் கூரைப் பக்கம் போயின. கணக்குப் போடும்போது மட்டும் அவர் அப்படிப் பார்ப்பார்.

"ஏங்க!" என்றேன்.

"இல்ல இல்ல, நான் ஒண்ணும் நினைக்கல," என்றார்.

"ஷி இஸ் ரைட் ஹியர்," என்றாள் மகள். எழுந்து நின்றுவிட்டாள். அவள் குரல் டிபேட் மேடையில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். தன் அம்மா உயிரோடு இருப்பது ஒரு குறை மாதிரி இந்த அறையில் பேசப்படுகிறது என்றாள். அந்தப் பல்கலைக்கழகம் இப்போதே தன் அம்மாவைத் திருப்பித் தர வேண்டும் என்றாள். ஆலோசகர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வாங்கிக் குடித்தாள்.

இப்படித்தான் லெகசியே கூடாது என்றிருந்தவள் என் பதிவைத் திருத்தும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்து அம்மா அனுப்பிய படிவம் மரணத்தைத் தெரிவிப்பதற்கானது. மரணம் நடக்கவில்லை என்று தெரிவிக்க அவர்களிடம் படிவம் இல்லை. அதையே நிரப்பி அனுப்பச் சொன்னார். அதில் இறந்தவர் கையெழுத்துப் போட இடம் கிடையாது, நெருங்கிய உறவினர்தான் போட வேண்டும். மகள் போட்டாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். மேற்கொண்டு விவரங்கள் என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: "இவர் இறக்கவில்லை. இப்போது சமையலறையில் இருக்கிறார். டிஷ்வாஷரை நான் காலி செய்யாததால் கோபமாக இருக்கிறார்."

கூடவே நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஒரு வாக்குமூலமும் வேண்டுமாம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பார்சல் அனுப்பும் கடையில் ஒரு நோட்டரி உண்டு. முப்பது வயதிருக்கும், கழுத்தில் டேப் உருளையை மாலை மாதிரி போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"கையெழுத்துப் போடுபவர் நீங்கள்தான் என்று நான் சான்று தரலாம். உயிரோடு இருக்கிறீர்கள் என்று தர முடியாது. அது என் அதிகாரத்தில் வராது."

"உங்க முன்னாடிதானே நிக்கறாங்க?" என்று என் கணவர் ஆங்கிலத்தில் வாதாடினார். அந்த டிஷர்ட்டில்தான் வந்திருந்தார்.

"நிற்கிறார். ஆனால் அதைப் பற்றி எனக்குச் சொந்தக் கருத்து இருக்கக்கூடாது."

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. நான் உயிரோடு இருப்பதாக நானே எழுத வேண்டும். எழுதியது நான்தான் என்று அவர் சொல்வார். அது உண்மையா என்பது எனக்கும் கடவுளுக்கும் இடையில். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, வலது கையை உயர்த்தி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சத்தியம் செய்தேன். எனக்குப் பின்னால் செருப்பைத் திருப்பி அனுப்ப வந்திருந்த ஒரு வயதானவர் வாழ்த்துகள் என்றார்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் நிலை மாற்றப்பட்டிருந்தது. உயிருடன் உள்ளார், சரிபார்க்கப்படவில்லை. மகள் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். காலையில் நான் எழுந்து வர நேரமானால் என் கணவர், "வெரிஃபை ஆயிடுச்சா?" என்று குரல் கொடுப்பார்.

அந்த மாதக் கடைசியில் தேன் குரல் அம்மா மறுபடி கூப்பிட்டார். அந்த இன்னொரு பெண்ணின் கணவரிடமும் பேச வேண்டியிருந்ததாம், அவர் என்னிடம் பேச விரும்புகிறாராம், எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வணக்கம்ங்க. நீங்கதானா அந்த எலக்ட்ரிக்கல்?" என்றது ஓர் ஆண் குரல். திருநெல்வேலித் தமிழ்.

"ஆமாங்க," என்றேன். துக்கம் கேட்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. "ரொம்ப சாரிங்க," என்று பொதுவாகச் சொன்னேன்.

"நீங்க ஏன் சாரி சொல்லுதீங்க? நாந்தான் சொல்லணும். உங்க லெட்டரெல்லாம் இங்கதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. அவ இருக்கும்போதே வர ஆரம்பிச்சிட்டு. ரோபோட்டிக்ஸ் பத்திப் பேச வாங்கன்னு ஒருவாட்டி இன்விடேஷன். இவ பயோகெமிஸ்ட்ரி. போயிட்டு வந்துரட்டுமான்னு கேட்டா."

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்கலாமா என்று பயந்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவளே போன் போட்டுச் சொன்னா. இது வேற யாரோ, நான் எலக்ட்ரிக்கல் படிக்கலன்னு. அந்த ஆபீஸ்ல கேக்கவே இல்ல. இல்ல மேடம், ரெண்டு டிகிரியும் உங்களோடதுதான், மறந்திருப்பீங்கன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் லெட்டர் வரும்போதெல்லாம், இன்னொரு ஃப்னூ எங்கயோ இருக்கா, பாவம், அவளுக்கு ஒண்ணும் போகாதும்பா. உங்களுக்குன்னு தனியா ஒரு பையில போட்டு வெச்சா."

"எனக்காகவா?"

"ஆமா. பை இன்னும் இருக்கு. தூரப் போட மனசு வரல."

அவருடைய மனைவி எதனால் போனாள் என்று அவரே சொன்னார். அதை இங்கே எழுதுவதாக இல்லை. குழந்தைகள் இல்லை. தேவாலயத்தில் அடக்கப் பூசைக்கு மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து பூங்கொத்து வந்ததாம். அட்டையில் மின்பொறியியல் துறை என்று இருந்ததாம். யாருமே அந்தத் துறைக்காரர்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் பூ நல்ல பூ என்றார். போனை வைத்த பிறகு மடித்த துணியையே திரும்ப எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் மகள் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களை நிரப்பினாள். பெற்றோர் பகுதி வந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தாய் உயிரோடு இருக்கிறாரா? ஆம் என்று அழுத்தினாள். தாய் எங்கே படித்தார்? பட்டியலில் என் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. சுட்டி அதன் மேலேயே நின்றது.

"உனக்கு வேணாம்னா விட்டுடு," என்றேன்.

இவ்வளவு பாடுபட்டு உன்னை நிரூபித்த பிறகு விட்டுவிட்டால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகும் என்றாள் ஆங்கிலத்தில். அழுத்திவிட்டாள். அப்புறம் தமிழில், "பசிக்குது," என்றாள். தோசை ஊற்றப் போனேன். திரும்பி வருவதற்குள் அனுப்பி முடித்திருந்தாள். வேறு ஒன்பது இடங்களுக்கும் போட்டாள், ஆனால் அந்த ஒன்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. மாலை நான்கு மணி. மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில். அவள் திறந்தாள், படித்தாள், மூடினாள். "நோ," என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே கூடத்தில் நின்றோம். என் கணவர் கதவைத் தட்டக் கையைத் தூக்குவார், இறக்குவார். அரை மணி நேரம் கழித்து வந்து பிரியாணி ஆர்டர் பண்ணலாமா என்று கேட்டாள். கண்கள் சிவந்திருந்தன, குரல் சாதாரணமாக இருந்தது.

தேறாதவர் அவள் அப்பாதான். பிரியாணியைக் கிளறிக்கொண்டே, "இத்தனை செஞ்சும்," என்று ஆரம்பித்தார். என்ன செஞ்சோம் என்று எங்கள் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஆலோசகரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டு, "நான் அப்பவே சொன்னேன் சார்," என்றார். இவர் போனை வைத்துவிட்டு முதல் முறையாக அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்த நொடியின் கூரைப் பார்வையை அன்றைக்குத்தான் நான் முழுதாக மன்னித்தேன்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கெட்டித் தாள். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காதபோது பெற்றோருக்கு அனுப்பும் கடிதமாம் அது. அன்புள்ள ஃப்னூ, என்று தொடங்கியது. நீங்கள் நேசிக்கும் ஓர் இடத்திலிருந்து இப்படி ஒரு செய்தி வருவது எவ்வளவு வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும், நீங்கள் என்றும் எங்கள் குடும்பம்தான். நான் அந்த இடத்தை நேசித்தது கிடையாது. ஆனாலும் தபால்பெட்டியின் பக்கத்திலேயே நின்று அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதிர்வீட்டு ஆண்ட்டி, "என்னம்மா, பொண்ணுக்குக் கிடைக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார். அதே வாரம் ஒரு மின்னஞ்சலும் வந்தது. என் நிலை சரிபார்க்கப்பட்டுவிட்டது. விண்ணப்பிக்கும் பிள்ளைகளை நேர்காணல் செய்யத் தன்னார்வலராக வர முடியுமா என்று அதிலேயே கேட்டிருந்தார்கள்.

மகள் தெற்கு கலிஃபோர்னியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே எங்கள் யாரையும் யாருக்கும் தெரியாது.

மே மாதம் என் கம்பெனி ஒரு பயிற்சிக்காக என்னை இர்விங்குக்கு அனுப்பியது. அந்த இன்னொரு ஃப்னூவின் கணவரை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் மதிய இடைவேளையில் ஒரு டிபன் கடையில் சந்தித்தோம். ஐம்பது வயதிருக்கும். தலைமுடியைக் கவனமாக வாரியிருந்தார். மேசைமேல் ஒரு துணிப்பை.

பையில் நாலைந்து வருடத்துக் கடிதங்கள், அந்த ரோபோட்டிக்ஸ் அழைப்பைத் தவிர ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் மின்பொறியியல் துறையிலிருந்து எனக்கு வந்தவை. மேலே மஞ்சள் தாள் ஒட்டி, ஆங்கிலத்தில் எலக்ட்ரிக்கல் ஃப்னூ என்று எழுதியிருந்தது. சாய்ந்த, அவசரமான கையெழுத்து. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க மக அப்ளிகேஷன் என்னாச்சு?"

"கிடைக்கலைங்க."

"அடப்பாவிகளா," என்றார் மனதார. பூரி வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்கட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "உங்களப் பிரிச்சு எடுத்தாங்கல்லா? எடுக்கும்போது அவளையும் உயிரோட ஆக்கிட்டாங்க. இப்ப ரெண்டு பேருமே இருக்கீங்க. ஏப்ரல்லேருந்து அவளுக்கு லெட்டர் வருது. அன்புள்ள ஃப்னூன்னு."

அந்தத் தேன் குரல் அம்மாவின் எண் என் போனில் இருந்தது. "நான் வேணா கூப்பிட்டு சரி பண்ணச் சொல்லட்டுமாங்க?"

"வேண்டாம்," என்றார். உடனே சொன்னார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "வரட்டும்னு விட்டுட்டேன். போன வாரம் அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட வந்துச்சு. அவங்கள விட்டா வேற யாரும் அனுப்பல," என்றார்.

தலையாட்டினேன். கிழங்கு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வாங்கவா என்று கேட்டார். வாங்கினோம். மகள் எந்த ஊருக்குப் போகிறாள் என்று கேட்டார், சொன்னேன். அந்தப் பக்கம் அவர் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறாராம். ஊர் நல்ல ஊர், ஆனால் பார்க்கிங் கிடைக்கவே கிடைக்காது, பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்றார். அவளுக்கு இன்னும் ஓட்டவே வராது என்றேன். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணிப் பயிற்சி வகுப்புக்குத் திரும்பினேன்.